அரசுக்கு இட்ட கட்டளையா, குடிமக்களின் உரிமையா?

கேள்வி: இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பேச்சுரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்கிறது. 14ஆவது பிரிவோ, சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு எவருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசைப் பார்த்துப் பேசுகிறது. எப்படி எழுதினாலும் பலன் ஒன்றுதானே?

பதில்: இந்த இரண்டு பிரிவுகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெருமளவு சரி. 14ஆவது பிரிவு கட்டளை வடிவில் இருந்தாலும், அது மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் 32ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தையோ, 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையோ நேரடியாக நாடலாம். சொல்லப்போனால் ‘எவருக்கும்’ என்றிருப்பதால், இங்கு வாழும் வெளிநாட்டவருக்கும் அது துணை நிற்கிறது. 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

மீறினாலும் வழக்குத் தொடுக்க முடியாத கட்டளைகளில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 45ஆவது பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. பத்து ஆண்டுகள் கடந்தும் அது நிறைவேறவில்லை. ஆனாலும், பள்ளிக்கூடமே இல்லாத ஊரிலிருந்த ஒரு தாய் அந்தப் பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்திருக்க முடியாது. ஏனெனில் அது அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைகளில் ஒன்று, அவற்றை நீதிமன்றத்தின் வழியாகச் செயல்படுத்த இயலாது என்று 37ஆவது பிரிவே கூறிவிடுகிறது. எத்தனை தலைமுறைக் குழந்தைகள் இதற்கு விலை கொடுத்தார்கள் என்று எண்ணும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரையிலான இலவசக் கல்வி 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கான கல்வியை அடிப்படை உரிமைகளின் பகுதியில் 21அ என்ற பிரிவாகச் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் வாசகமும் ‘அரசு அளிக்க வேண்டும்’ என்ற கட்டளைதான். ஆனால் இன்று ஒரு குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டால் அதன் பெற்றோர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு, தாக்கல் செய்யலாம், அரசு அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது அரசை மட்டுமல்ல, கடைக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதால், பாதிக்கப்பட்டவர் நேரே காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.