மெல்லிய காற்றுக்கு எத்தனை லிட்டர் போர்டு வேண்டும்?

கேள்வி: என் எடை 78 கிலோ. விங் ஃபாயிலிங் (கையில் விங் என்னும் காற்றுப் பாயைப் பிடித்து, அடியில் ஃபாயில் என்னும் நீருக்குள் இருக்கும் இறக்கை பொருத்திய பலகையில் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுவது) பழகி ஒரு வருடம் ஆகிறது. என் போர்டின் கன அளவு 95 லிட்டர். நீளம் 5 அடி 6 அங்குலம், அகலம் 27 அங்குலம். கையில் 5 சதுர மீட்டர் விங், ஃபாயிலின் முன் இறக்கை 1200 சதுர சென்டிமீட்டர். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்றில் சுலபமாக எழும்பிவிடுகிறேன். 10, 12 நாட்டில் என்ன செய்தாலும் போர்டு தண்ணீரை விட்டுக் கிளம்ப மறுக்கிறது. 120 லிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: 120 லிட்டரை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அதுவும் இதே மாதிரி குட்டையாக, அகலமாக இருந்தால், வசதியாக மிதப்பீர்கள். எழும்புவது அப்போதும் சிரமம்தான்.

முதலில் லிட்டர் கணக்கைப் பார்த்துவிடலாம். நீங்கள் 78, போர்டு 7, ஃபாயில் 5, விங் 3, நனைந்த உடையும் மிதவைச் சட்டையும் 2 என்று வைத்தால் சுமார் 95 கிலோ. 95 லிட்டர் போர்டு அவ்வளவைத்தான் தாங்கும். அதாவது நீங்கள் ஏறி நின்றதும் போர்டின் மேல்பரப்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. பலத்த காற்றில் விங்கின் இழுவையே உங்கள் எடையில் ஒரு பங்கைத் தூக்கிவிடுவதால் இது உறைக்காது. மெல்லிய காற்றில் அந்த உதவி இல்லை. ஆகவே 100 முதல் 110 லிட்டர் உங்களுக்கு நியாயமான அளவு. ஏரியில் ஓட்டுபவர் என்றால் இன்னும் இரண்டு, மூன்று லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்னீர் கடல்நீரைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

ஆனால் லிட்டரைவிட முக்கியமானது வடிவம். ஃபாயிலில் ஒருமுறை மேலே போய்விட்டால், எழும்பவே போதாத காற்றிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். தடை அவ்வளவு குறைந்துவிடுகிறது. சிக்கல் முழுக்க அந்தக் கிளம்பும் வேகத்தை எட்டுவதில் இருக்கிறது. குட்டையான, அகலமான போர்டு தனக்கு முன்னால் தண்ணீரைக் குவித்துத் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த மேட்டை ஏறிக் கடக்க நல்ல விசை வேண்டும். 10 நாட் காற்று அதைத் தராது. நீளமான, ஒல்லியான போர்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். சிறிய இழுவையிலேயே வேகம் ஏறும். டவுன்விண்ட் போர்டு, மிட் லெங்த் போர்டு என்று சொல்வது இந்த வகையைத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது 6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடி 6 அங்குலம் வரை நீளம், 21 முதல் 23 அங்குலம் அகலம். 19 அங்குலம் இன்னும் வேகமாக எழும்பும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 27 அங்குலத்தில் நின்று பழகிய கால்களுக்கு அது பெரிய தாவல். 22 அங்குலமே முதல் சில நாட்கள் பக்கவாட்டில் உருட்டிவிடும். முழங்காலில் நின்று கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு எழுந்து நில்லுங்கள். ஓட ஆரம்பித்தால் நிலைப்பு தானாக வரும். மேலே போனபின் நீண்ட மூக்கு திருப்பங்களில் கொஞ்சம் கனமாகத் தெரியும். அது இந்த வடிவத்துக்குக் கொடுக்கும் விலை. பழைய போர்டை விற்காதீர்கள், 15 நாட்டுக்கு மேல் அதுதான் இனிமை.

அப்புறம், போர்டுக்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: முன் இறக்கை. தூக்குவிசை இறக்கையின் பரப்புக்கும், வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறும். 1200-லிருந்து 1800-க்குப் போனால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கிளம்பத் தேவையான வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 78 கிலோவுக்கு 1200 மெல்லிய காற்றில் சிறியதுதான். நண்பரிடம் பெரியது இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, இதே போர்டில் போட்டுப் பாருங்கள். கையில் பிடிக்கும் விங்கை 6 அல்லது 6.5-க்கு ஏற்றலாம். 7-ஐத் தாண்டினால் நுனி தண்ணீரில் தட்டும், வீசிப் பம்ப் செய்யவும் (விங்கை அசைத்து அசைத்து இழுவை கூட்டவும்) கை வலிக்கும்.

மெல்லிய காற்று சட்டென்று நின்றும் போகும். அப்போது விங்கை மடக்கி, போர்டில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும். இதற்காகவும் உங்கள் மொத்தச் சுமைக்குக் கீழே லிட்டரைக் குறைக்காதீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்றில் இறங்கவே வேண்டாம்.

போர்டைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்தால் 10, 12 நாட் வீசும் நாளில் மட்டும் எடுத்துப் போங்கள். 18 நாட்டில் எல்லா போர்டும் எழும்பும், வித்தியாசமே தெரியாது.