பகல் வெயிலின் சூட்டைச் சேமித்து வைத்து இரவில் சமைக்க முடியுமா?

முடியும். நீங்களும் பகலில் வேலைக்குப் போகிறவராக இருப்பீர்கள், இல்லாவிட்டால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். என் பதில் இதுதான்: சூட்டை மணலிலும் கல்லிலும் சேர்க்காதீர்கள், கொதித்த பானையிலேயே சேருங்கள்.

10 கிலோ மணலை 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், அது 100 பாகைக்கு ஆறும்வரை தருவது ஏறக்குறைய 800 கிலோயூல் வெப்பம். 2 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே கிட்டத்தட்ட 600 வேண்டும். வழியில் வீணாகும் சூட்டைக் கழித்தால் மிச்சம் என்ன? அதுவும் சாதாரண கண்ணாடிப் பெட்டிச் சூரிய அடுப்பில் 200 பாகை வராது, வெயிலைக் குவிக்கும் குழிவாடி வேண்டும்.

இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்த 2022இல் விடிய முதலே காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்ற சனங்களில் நாங்களும் இருந்தோம். அந்தக் காலத்தில்தான் இந்த வெயில் சமையலைத் தொடங்கினேன். நான் ஆசிரியை. காலையில் கறுப்புப் பூசிய பானையில் பருப்பைப் போட்டு, கண்ணாடிப் பெட்டி அடுப்பில் வைத்து, அதை உச்சி வெயில் விழும் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். பள்ளி விட்டு வரும்போது கொதித்துக்கொண்டிருக்கும். மூடியைத் திறக்காமல் சாக்கால் சுற்றி, நாலா பக்கமும் அடியிலும் 4 அங்குலம் உமி அடைத்த மரப்பெட்டிக்குள் இறக்கி, மேலே உமித் தலையணை. இரவு திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், மூடியில் கட்டிய தண்ணீர் பருப்பில் சொட்டும். பருப்பு மெழுகாகக் குழைந்திருக்கும். சிவப்பரிசிச் சோறும் இப்படித்தான். மீன் கறியை மட்டும் காஸில்தான் வைக்கிறேன். சாப்பாட்டின் சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். கை வைக்கக்கூடிய சூட்டில் இருந்தால் அப்படியே பரிமாறாதீர்கள், திரும்பக் கொதிக்க வையுங்கள்.

அடுப்பை மொட்டைமாடியில்தான் வைக்கிறேன். எங்கள் திருகோணமலையில் மான்கள் ஊருக்குள்ளேயே திரியும், முற்றத்தில் வைத்தால் தட்டிவிடும். அதற்காக மான்களைத் திட்ட மாட்டேன். கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் வருகிறவர்கள் சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டு சோறு சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீட்டை எறிந்துவிட்டுப் போகிறார்கள், அந்த வாயில்லாச் சீவன்கள் அதைத் தின்கின்றன. எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை. வயிறு எரிகிறது.

"உருகும் உப்பில் சேமிக்கலாமே" என்று யாராவது வருவீர்கள். தெரியும். சோடியம் நைத்திரேற்றும் பொற்றாசியம் நைத்திரேற்றும் கலந்த உப்பு ஏறக்குறைய 220 பாகையில் உருகும், பெரிய சூரிய மின்நிலையங்களில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் அதை இன்னும் பெரிதாக்கக்கூடிய அந்த உப்பைப் பிள்ளைகள் ஓடித் திரியும் குசினியில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொருள் பரவாயில்லை. 118 பாகையளவில் உருகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 340 கிலோயூல் பிடிக்கும். ஆனால் ஆறும்போது சட்டென்று உறையாது, உறையாதவரை அந்தச் சூடு வெளியே வராது. விலையும் கூட.

கச்சான் என்ற வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் தாராளமாகச் சமைக்கலாம். மாரியில் வெயிலை நம்பாதீர்கள். காஸில் ஒரு கொதி வரவிட்டு உமிப்பெட்டியில் இறக்கினால் அப்போதும் காஸ் மிச்சம்.