கேம் முதலோ, ஹெட் முதலோ?

யாழ்ப்பாணத்துப் பெடியள் கேட்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின் கேள்விகளும், லேத்தும் ஹெட் வேலையும் தெரிஞ்ச ஒரு அண்ணை சொன்ன பதில்களும். கேம் எண்டது வால்வைத் திறக்கிற தண்டு, ஹெட் எண்டது வால்வுகள் இருக்கிற, சிலிண்டருக்கு மேல பூட்டுற பகுதி.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, என்ர 150 சிசிக்கு ஹை லிஃப்ற் கேம் (வால்வைக் கூட உயர்த்துற கேம்) போட்டனான். மேல் ஓட்டம் பெருசாக் கூடேல்லை, கீழ இழுவையும் செத்துப்போச்சு. கேம் பிழையோ?

பதில்: கேமில பிழை இல்லைத் தம்பி, அதுக்கேத்த ஹெட் உங்களிட்ட இல்லை. வால்வ் உயரேக்க அதைச் சுத்தித் திறபடுற இடைவெளியின்ர பரப்பு, வால்வின்ர பரப்புக்குச் சமனாகிறது லிஃப்ற் விட்டத்தின்ர கால்வாசிக்கு வரேக்க. 28 மில்லிமீற்றர் வால்வெண்டா 7 மில்லிமீற்றரில. அதுக்கு மேல காத்தை மறிக்கிறது போர்ட்தான், ஹெட்டுக்குள்ள காத்து வந்துபோற வழி. படலையை அகலத் திறந்தென்ன, ஒழுங்கை ஒடுக்கமெண்டா?

கீழ இழுவை போனதுக்குக் காரணம் லிஃப்ற் இல்லை, டியூரேஷன், வால்வ் திறந்து நிக்கிற காலம். காத்தை உள்ள விடுற இன்லெட் வால்வ் பிந்தி மூடுது. மெதுவா ஓடேக்க, பிஸ்டன் மேல வரேக்க உள்ள வந்த கலவையில ஒரு பங்கைத் திருப்பிக் காபரேற்றருக்கே தள்ளிவிடும். மேல் ஆர்பிஎம்மில காத்து வாற வேகம் அதை விடாது. ஆனா அந்த ஆர்பிஎம்முக்குத் தேவையான காத்தை உங்கட போர்ட் குடுக்காது. ரெண்டு பக்கமும் நட்டம். ஹெட்டைச் செய்து அளந்துபோட்டுத்தான் கேமைத் தெரிவு செய்யோணும்.

கேள்வி (நெல்லியடி): அப்ப போர்ட்டை நல்லாப் பெருசாக்கிப் பளபளவெண்டு பொலிஷ் பண்ணினாச் சரிதானே?

பதில்: இல்லை. டிறில்லைக் குடுத்தா எங்கட ஆக்கள் முதல் செய்யிறதே வாயை அகலமாக்கிறதுதான். போர்ட் அளவுக்கு மிஞ்சினாக் காத்தின்ர வேகம் விழும், கீழ எஞ்சின் மூச்சு முட்டும்.

கை வைக்கவேண்டிய இடம் வாயில்லை, அடி. சீட்டுக்கு (வால்வ் பொருந்தி மூடுற வளையம்) கீழ வார்ப்பில விட்ட விளிம்பொண்டு நிக்கும், விரலை விட்டா முட்டும். அதைச் சீராக்குங்கோ. வால்வ் கைட்டைச் (வால்வின்ர தண்டு போய்வாற குழாய்) சுத்தின தடிச்ச பகுதியை ரெண்டு பக்கமும் மெலிய வையுங்கோ. சீட்டுக்குக் கீழ கழுத்து, வால்வ் விட்டத்தின்ர 85 தொடக்கம் 88 வீதம் இருந்தாக் காணும். 28 வால்வுக்கு 24 மில்லிமீற்றர் அளவு. உள்வளைவின்ர கூர் விளிம்பை மட்டும் மழுக்குங்கோ, தாழ்த்தாதேங்கோ. அந்த இடத்தில வெட்டினா வெல்ட் போடாமல் திருப்பி எடுக்கேலாது. இன்லெட்டைக் கொஞ்சம் சொரசொரப்பாவே விடுங்கோ. பொலிஷ் ஆசையைப் புகை போற எக்ஸோஸ்ற் போர்ட்டில தீருங்கோ, அங்க கரி ஒட்டுறது குறையும்.

உண்மையில ஒரு நல்ல மூண்டு கோண சீட் கட்டிங், 30, 45, 60 டிகிரி, அரைவாசிப் போர்ட்டிங்கை விடக் கூடத் தரும். அதுக்குக் காசு குடுக்கத்தான் ஆக்களுக்கு மனமில்லை.

கேள்வி (சாவகச்சேரி): ஹொண்டா சிஜி 125. இன்லெட்டுக்கு மட்டும் டியூரேஷன் கூட்டிக் கேமைத் திருப்பிக் கிரைண்ட் பண்ணலாமோ?

பதில்: ஏலாது. அந்த எஞ்சினில கேமில ஒரு லோப்தான் (வால்வை உயர்த்துற புடைப்பு) கிடக்கு. அதுதான் ரெண்டு வால்வுக்கும் போற ஃபொலோவரையும் புஷ்ரொட்டையும் (இடையில நிக்கிற நெம்பும் தண்டும்) தள்ளுது. இன்லெட்டைக் கூட்டினா எக்ஸோஸ்ற்றும் கூடும், ஓவர்லாப்பும் (ரெண்டு வால்வும் ஒண்டாத் திறந்து நிக்கிற நேரம்) கூடும், ஐட்லிங் கெடும். மற்றது, கிரைண்ட் பண்ணேக்க மேல் கடினப் படை போனா லோப் கெதியாத் தேயும். நானெண்டா கேமைத் தொடமாட்டன், ஹெட்டோட நிப்பன்.

கேள்வி (திருநெல்வேலி): யமஹா ஆர்எக்ஸ் 100 க்கு எந்தக் கேம் நல்லது?

பதில்: அது டூ ஸ்ட்ரோக், கேமே இல்லை. சிலிண்டர்ச் சுவரில போர்ட் இருக்கிற உயரம்தான் அதுக்கு டைமிங். அரத்தைக் கீழ வையுங்கோ!

கேள்வி (வேலணை): புதுக் கேம் போட்டா வால்வ் பிஸ்டனில தட்டுமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

பதில்: பிஸ்டன் தலையில பிளாஸ்டிசின் அப்பி, வால்வ் படுற பக்கத்தில எண்ணெய் தடவி, ஹெட்டைக் கஸ்கற்றோட பூட்டுங்கோ. வால்வ் இடைவெளியைச் சரியா வைச்சு, கிராங்கைக் கையால ரெண்டு சுத்துச் சுத்துங்கோ. இறுகினாப் பலவந்தமாச் சுத்தாதேங்கோ. கழட்டி, பதிஞ்ச இடத்தைப் பிளேட்டால வெட்டித் தடிப்பை அளவுங்கோ. இன்லெட்டுக்கு 1.5, எக்ஸோஸ்ற்றுக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வேணும். கிட்ட வாறது பிஸ்டன் உச்சியில நிக்கேக்க இல்லை. எக்ஸோஸ்ற் அதுக்கு 10 டிகிரி அளவு முந்தி, இன்லெட் அதே அளவு பிந்தி.

பேந்து ஸ்பிரிங். முழு லிஃப்ற்றில சுருள் ஒண்டில ஒண்டு முட்டாமல் மொத்தமா 1 மில்லிமீற்றராவது மிஞ்சோணும். ஸ்பிரிங்கைப் பிடிக்கிற ரிட்டெய்னர் கைட் சீலில முட்டுதோ எண்டும் பாருங்கோ. ஹெட்டைத் தட்டையாக்க லேத்தில சீவியிருந்தாக் கேம் செயின் தளர்ந்து கேம் டைமிங் பிந்தும். கிராங்கில டிகிரி வீல் (கோணம் அளக்கிற தட்டு) வைச்சு டைமிங்கைத் திருப்பிப் பிடிக்காமல் பூட்டாதேங்கோ.

கேள்வி (சுன்னாகம்): கொம்ப்ரஷனும் (கலவையை அமுக்கிற விகிதம்) கூட்டோணுமோ? என்ர ஓட்டம் வீட்டிலயிருந்து டவுன், டவுனிலயிருந்து வீடு.

பதில்: நீள டியூரேஷன் போட்டவை கூட்டத்தான் வேணும், கீழ இழந்ததில கொஞ்சமாவது திரும்பி வரும். ஆனா காத்தில குளிர்ற எஞ்சினை 92 பெற்றோலில 10:1 க்கு மேல நான் கொண்டுபோகமாட்டன். எங்கட வெயிலுக்கு நொக் அடிக்கும், கலவை தாறுமாறா வெடிக்கும்.

உங்கட ஓட்டத்துக்கு உதொண்டும் வேண்டாம். ஸ்டாக் கேம், சீட் கட்டிங், கழுத்தைச் சீராக்கின ஹெட், அதுக்கேத்த ஜெட் (காபரேற்றரில பெற்றோல் அளவை விடுற துவாரம்). போர்ட் வேலைக்குப் பிறகு கலவை மெலியலாம். முழுத் திறட்டிலில ஒரு ஓட்டம் விட்டு, அப்பிடியே கிளச்சைப் பிடிச்சு எஞ்சினை நிப்பாட்டிப் பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. வெள்ளையாக் கிடந்தா மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டுங்கோ.