ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? முதலில் நர்சரி எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள்

கேள்வி: அண்ணா, நான் கோயம்புத்தூர்க்காரன். ஐந்து வருடமாக இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் வேலை. காலேஜ் நாளிலிருந்தே மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் கார் மேல் ஒரு பைத்தியம். இப்போது பக்கத்து ஊரில் ஓர் ஆர்எக்ஸ்-8 விற்பனைக்கு வந்திருக்கிறது. '06' நம்பர் பிளேட், 231 குதிரைத்திறன், 68,000 மைல் ஓடியது, 2,400 பவுண்டு கேட்கிறார். "இன்ஜின் சூப்பர், ஒரு வேலையும் இல்லை" என்கிறார். வீட்டில் இருக்கும் யாரிஸை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆபீஸ் மூன்று மைல்தான், வழியில் குழந்தையை நர்சரியில் விட வேண்டும். கேட்கிற ஆளெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். மனைவியோ, "பத்திரிகையில எழுதுற அண்ணன் சரின்னு சொன்னா நானும் சரி" என்று சொல்லிவிட்டாள். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கோவென்ட்ரி

பதில்: தம்பி, காரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், நர்சரியைப் பற்றி அரை வரி. எனக்கு அந்த அரை வரிதான் உறுத்துகிறது. வீட்டிலிருந்து ஒரு மைல் போய் இன்ஜினை அணைக்க வேண்டும். குழந்தையை இறக்கி, கோட்டைக் கழற்றி மாட்டி, டீச்சரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து இன்னும் இரண்டு மைல் போக வேண்டும். ஜனவரி மாதக் குளிரில் தினமும் இது நடக்கும். ஓர் ஆர்எக்ஸ்-8-ஐ மெல்ல மெல்லக் கொல்ல யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. என்னிடமும் ஒரு வெள்ளி நிற ஆர்எக்ஸ்-8 இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கார் வெளியே போக வழிவிட வேண்டியிருந்தது. என் வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டு மீட்டர் பின்னால் எடுத்து, அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் காலை செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு இருமல்கூட இல்லை. பின்னால் போய்க் குனிந்தால் பெட்ரோல் பங்க் வாசனை. விடாமல் அடித்ததில் பேட்டரியும் படுத்துவிட்டது. ஊரில் பழைய ஸ்கூட்டருக்கு 'ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது' என்போமே, அதேதான். ஸ்கூட்டர் என்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஊதி மாட்டினால் கிளம்பிவிடும். இதில் பிளக் நான்கு, முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் வசதியாகக் கை போகும். வந்த மெக்கானிக்குக் கொடுத்த தொகையை இன்றுவரை வீட்டில் சரியாகச் சொல்லவில்லை.

ஏன் இப்படி? இந்த இன்ஜினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற அறைக்குள் சுற்றுகிறது. அந்த முக்கோணத்துக்குப் பெயர்தான் ரோட்டர். ஆர்எக்ஸ்-8-இல் அப்படி இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. ஆக மொத்தம் 1.3 லிட்டர்தான். அதிலிருந்து 231 குதிரை வருவதுதான் உங்களை மாதிரி ஆட்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்று மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். அது அறையின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால்தான் கம்ப்ரஷன், அதாவது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், கசியாமல் நிற்கிறது. உரசும் இடத்தில் எண்ணெய்ப் படலம் வேண்டுமே, அதனால் இன்ஜின் ஆயிலிலேயே கொஞ்சம் எடுத்து உள்ளே பீய்ச்சி எரித்துவிடும். ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், 2டி ஆயில் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று. கம்பெனி வேறு, இன்ஜின் வேறு, ஆயில் குடிப்பதில் மட்டும் இரண்டும் பங்காளிகள். ஆகவே ஆர்எக்ஸ்-8 ஆயில் குடிப்பது நோய் இல்லை. இரண்டு முறை டேங்க் நிரப்பினால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் விடுவதுதான் நோய்.

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் தாராளமாக உள்ளே போகும். சூடாவதற்கு முன்பே அணைத்தால் எரியாத பெட்ரோல் அந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். படலம் போனால் சீல் பிடிக்காது, கம்ப்ரஷன் வராது, பிளக்கும் நனைந்து கிடக்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வருவது நிற்கும், உள்ளே தேங்கியது வெளியேறி வண்டி கிளம்ப வாய்ப்பு உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது தெரியாமல் போயிற்று. மாஸ்டாவும் பிற்பாடு இன்னும் வலுவான ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றைக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஓவர்ஃப்ளோ ஒரு நாள் தொல்லை. குறைந்த தூரம், குறைந்த வேகம் என்று மாதக்கணக்கில் ஓட்டினால் வருவது வேறு. உள்ளே கரி படியும், சீல்கள் தங்கள் பள்ளத்திலேயே சிக்கி அசையாமல் போகும். வாரம் ஒரு முறையாவது நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏற்றிவிட வேண்டும் என்று இந்த வண்டிக்காரர்கள் சொல்வது வெறும் ஜாலிக்காக இல்லை. கோவென்ட்ரி ரிங் ரோட்டில் காலை எட்டரைக்கு நீங்கள் எங்கே 9,000-ஐப் பார்ப்பது?

இந்த சீல் சமாசாரம் ரோட்டரியோடு பிறந்தது. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கல் யோசித்த இன்ஜினை என்எஸ்யூ கம்பெனி செய்தது, மாஸ்டா அதற்கு உரிமம் வாங்கியது. ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 இன்ஜினியர்கள் உட்கார்ந்தார்கள். சோதனை இன்ஜினைப் பிரித்தால் அறையின் சுவரில் வரிவரியாகக் கீறல்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. அதைச் சமாளித்து 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1991-இல் நான்கு ரோட்டர் வைத்த 787பி கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. பிடிவாதக்காரர்கள் செய்த இன்ஜின், தம்பி. வைத்துக்கொள்கிறவருக்கும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும்.

ஆகவே முதல் பதில்: யாரிஸை விற்காதீர்கள். யாரிஸை விற்றுத்தான் இதை வாங்க முடியும் என்றால் வாங்கவே வேண்டாம். தங்கச்சியிடம் அண்ணன் அப்படித்தான் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

யாரிஸ் நர்சரிக்கும் ஆபீஸுக்கும் ஓடட்டும், இது வார இறுதியில் வேல்ஸ் பக்கம் போய்வர என்றால் பேச்சே வேறு. அப்போது நான் தடுக்கமாட்டேன். 2,000 சுற்றில் சோம்பேறி மாதிரி இழுக்கும் வண்டி, 6,000 தாண்டியதும் அதிர்வே இல்லாமல் மோட்டார் போலப் பாடிக்கொண்டு ஏறும். சிவப்புக் கோட்டை நெருங்கும்போது 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுத்து கியரை மாற்றச் சொல்லும். ஊசியைப் பார்த்து மாற்ற நேரம் இருக்காது, அவ்வளவு சீக்கிரம் ஏறிவிடும். அந்த 'பீப்'புக்காகவே நான் வைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால், "இன்ஜின் சூப்பர்" என்ற வார்த்தைக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். சாதாரண மெக்கானிக்கிடம் இருக்கும் கேஜ் இதற்கு ஆகாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும், செத்த முகம் ஒன்று ஒளிந்துகொள்ளும். ரோட்டரிக்கென்றே இருக்கும் கருவி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எடுத்ததாகவும், நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்குத் திருத்தியதாகவும் இருக்க வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்றினால் எண்ணும் ஏறும், அதனால்தான் இந்தத் திருத்தம். நல்ல இன்ஜினுக்குச் சுமார் 8.3 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு), 6.8-க்குக் கீழே போனால் மாஸ்டா கணக்கில் தேர்ச்சி இல்லை. ஆறும் 7-ஐ ஒட்டி நின்றால் ஓடும், ஆனால் நாள் எண்ணிக்கொண்டுதான் ஓடும். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் தொங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும் செலவு அவர் கேட்கும் 2,400-ஐத் தாண்டிவிடும்.

"டெஸ்டெல்லாம் எதற்கு" என்று அவர் இழுத்தால், இன்ஜின் போன வண்டிக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள். "போன வருடம்தான் இன்ஜின் பிரித்தோம்" என்றால் பில்லைக் கேளுங்கள். யார் பிரித்தார்கள், ரோட்டர் சுற்றும் அறைகளைப் புதிதாகப் போட்டார்களா, பழையதிலேயே சீலை மட்டும் மாற்றினார்களா என்பது அதில் இருக்கும்.

இன்னொரு விஷயம், இது மற்ற செகண்ட் ஹேண்ட் கார்களுக்கு நேர்மாறு. வழக்கமாக நாம் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுவோம். கம்ப்ரஷன் குறைந்த ரோட்டரி, குளிரில் கிளம்பிவிடும், சூட்டில்தான் காலை வாரும். அதனால் விவரமான ஆள் வண்டியைக் குளிர வைத்துத்தான் உங்களை வரவேற்பார். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், நீங்களும் சொக்கிப்போவீர்கள். ஒரு அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். திரும்பி வந்து அணையுங்கள். பத்து நிமிடம் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பிறகு நீங்களே சாவியைத் திருப்புங்கள். இரண்டு மூன்று நொடியில் எடுத்தால் சரி. செல்ஃப் நீளமாகச் சுற்றிய பிறகு தயங்கித் தயங்கி எடுத்தால் அந்த இன்ஜின் அவருக்கே இருக்கட்டும். "இப்போதே அணைக்க வேண்டாம்" என்று அவர் அவசரமாகச் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட் தேவையே இல்லை, பதில் கிடைத்துவிட்டது.

ஓட்டும்போது மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். விட்டு விட்டு உதறினால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் போயிருக்கும். இந்த வண்டியில் நான்கு காயில், நான்கும் தேயும் சாமான்தான், பெரிய செலவும் இல்லை. ஆனால் அதை மாற்றாமல் ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அடைத்திருக்கும். அந்தச் சூடு திரும்ப இன்ஜினைத்தான் வாட்டும். ஆயில் ஊற்றும் மூடிக்கு உட்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் உடனே பதற வேண்டாம், குளிர்காலத்தில் குறைந்த தூரம் ஓடிய ஆர்எக்ஸ்-8-களில் அது சகஜம். உங்களை மாதிரி நர்சரிக்கு ஓட்டியவர் வண்டி என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே கூலன்ட் அளவு குறைகிறதா என்றும் பாருங்கள். பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே ஓடும் சில்லிலும் துரு இருக்கும். நம்பர் பிளேட்டைப் போட்டால் பழைய எம்ஓடி (வருடாந்திர வண்டித் தகுதி) சோதனை முடிவெல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். மைல் கணக்கும் அதிலேயே சரிபார்க்கலாம்.

பெட்ரோல் பற்றி ஒரே வார்த்தை: ஊருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

கடைசியாக, அந்த '06' பிளேட். அது 2006 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. சாலை வரியோ மார்ச் 23-ஆம் தேதியில் மாறுகிறது. அதற்கு முன் பதிவான வண்டிக்கு வருடம் 400 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. அன்றோ அதற்குப் பிறகோ பதிவாகியிருந்தால் 700-க்கும் மேலே. வண்டி அதே வண்டி, புகை அதே புகை. ஆகவே ஆளைப் பார்க்கப் போவதற்கு முன்பே போனில் பதிவுப் புத்தகத்தில் உள்ள முதல் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். மார்ச் முதல் மூன்று வாரத்துக்குள் இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நீங்கள் வேண்டாம் என்று விட்டால் நான் போய்ப் பார்க்கிறேன்.