வள்ளத்துக்காகக் கார்க் கூரையைத் துளைக்கலாமா?

ஸ்காபரோ வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய 16 அடி கனோ (துடுப்பு வள்ளம்) ஒன்று மலிவாகக் கிடைத்தது. எடை 30 கிலோ. அல்கொன்குவின் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டும். என்னுடையது சின்னச் செடான் கார். கூரையில் துளைபோட்டு இரும்புச் சட்டம் பூட்டித் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?"

வேண்டாம். துளை வழியே தண்ணீர் கசியும். குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பும் சேர்ந்தால் துருப்பிடிக்க அதிக நாளாகாது. அதைவிட முக்கியம், இன்றைய கார்கள் பலவற்றில் கூரையின் ஓரத்துக்குள்தான் பக்கவாட்டு ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அங்கே டிரில்லை இறக்கக் கூடாது.

துளையே போடாமல், கதவின் மேல்விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் குறுக்குத் தண்டுகள் கடையில் கிடைக்கும். கவ்வி ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. காரின் பெயரோடு ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் தண்டுகளின் எடையும் சேரும். இரண்டு தண்டுகளுக்கும் இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு பட்டிகள் போதும், ஆனால் கையால் இழுத்து இறுக்கும் கொக்கிப் பட்டியாக இருக்கட்டும். லொறிக்காரர்கள் பாவிக்கும், கைபிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டி வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே வள்ளத்தின் விளிம்பு வளைந்துவிடும். பட்டியை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழி முழுக்கக் காற்றில் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்து உயிரை எடுக்கும்.

பலர் இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அதுதான் பிழை. காற்று வள்ளத்தின் மூக்குக்குக் கீழே புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 110க்கு ஏறினால் அந்த விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆகவே மூக்கிலிருந்து இரண்டு கயிறுகளைக் கவிழ்த்த 'வி' போலக் காரின் இரு பக்கமும் இறக்கிக் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது? பம்பர் வெறும் பிளாஸ்டிக், அதில் கட்டாதீர்கள். பொனட்டைத் திறந்தால் ஓரத்தில் போல்ட்டுகள் தெரியும். அதில் ஒன்றைக் கழற்றி, துணிப்பட்டி வளையம் ஒன்றைக் கோத்து மறுபடி முடுக்குங்கள். வளையத்தை வெளியே இழுத்துவிட்டுப் பொனட்டை மூடினால் கயிறு கட்ட இடம் தயார். உங்கள் காருக்குத் தேவையான 'மாற்றம்' இவ்வளவுதான். பின்பக்கமும் இதுபோல ஒரு கயிறு கட்டுங்கள்.

ஒன்ராறியோ சட்டப்படி, சுமை காரின் பின்னால் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு வேண்டும். 16 அடிக்கு அந்தப் பிரச்சினை வராது.

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, கட்டுகளை அசைத்துப் பாருங்கள். பட்டி எப்போதும் கொஞ்சம் தளரும். அப்புறம் ஒன்று: ஏரிக்கரையில் பட்டிகளை அவிழ்த்துவிட்டு, காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தலாம் என்று ஒருமுறை நகர்த்தினேன். தொங்கிக்கொண்டிருந்த முன்கயிறு சக்கரத்தில் மாட்டி, வள்ளத்தின் மூக்கைப் பொனட்டில் இழுத்து அடித்தது. கயிறு கழற்றும் வரை சாவியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.