ஷினாயில் சிராய் கிளம்பினால் எண்ணெய் போதுமா?

கேள்வி: ஒசாகாவில் இருக்கிறோம். நடுநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் கெண்டோ என்ற ஜப்பானிய வாள்வீச்சு பழகுகிறாள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஷினாயில், அதாவது அவளுடைய மூங்கில் வாளில், சிராய் கிளம்புகிறது. கடையில் ஒரு குப்பி எண்ணெயை நீட்டி, 'இதில் ஊறப்போடுங்கள், சரியாகிவிடும்' என்கிறார்கள். போடலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பதில்: குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அம்மா. புது ஷினாய் காய்ந்து போகாமலிருக்க லேசாக எண்ணெய் தடவி, சில நாள் வைத்துத் துடைப்பது பழைய வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் உரிந்த நாரை எண்ணெய் ஒட்டாது, கீறலை மூடாது. மூடியது போல மினுமினுக்கும், ஆபத்தே அங்குதான்.

ஷினாய் என்பது நான்கு மூங்கில் பிளாச்சுகள். நுனியில் தோல் குல்லாய், இடையில் தோல்வார்க் கட்டு, பிடியில் தோல் உறை, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க ஒரு சரடு. வீட்டிலேயே பிரிக்கலாம். அவிழ்க்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிளாச்சுகளின் பிடிப்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். பிடிக்குள் சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். நான்கையும் நகராமல் நிறுத்துவது அதுதான், தொலைத்துவிடாதீர்கள்.

பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பிளாச்சின் மேல் ஓட்டுங்கள். சிராய் உள்ள இடத்தில் இழை மாட்டும். அங்கே கத்தியைச் சாய்த்துச் சுரண்டி, உப்புத்தாளால் தேயுங்கள். ஓரங்களையும் மழுக்கிவிடுங்கள், ஏனென்றால் பிளாச்சுகள் ஒன்றோடொன்று உரசும் ஓரத்தில்தான் சிராய் அதிகம் பிறக்கிறது. மெழுகுவத்தியைத் தேய்த்தால் உரசல் குறையும். பிறகு ஒவ்வொன்றையும் இரு கையாலும் லேசாக முறுக்குங்கள். விரிசல் இருந்தால் வாய் திறக்கும். திறந்தால் அந்தப் பிளாச்சைத் தூக்கிப் போடுங்கள். பசையும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். உடைந்த பிளாச்சு முகக்கவசக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உயிரை வாங்கிய விபத்துகள் ஜப்பானில் நடந்திருக்கின்றன.

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? போட்டி நாளில் சோதிப்பவர்கள் தராசும் அளவுகோலுமாக உட்காருவார்கள். ஒரு முறை எடை சரி, நுனி விட்டம் சரி என்று தேறி வந்த ஷினாயை வெளியே வந்து முறுக்கிப் பார்த்தேன், தோல்வார்க் கட்டுக்குக் கீழே விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அடிபடுவது வருடம் முழுக்கப் பயிற்சிக் கூடத்தில், அங்கே பார்க்க நாதியில்லை. இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். மூன்று ஷினாய், இரண்டு குப்பி எண்ணெய், ஒரு பை என்று மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். 'இரண்டே தடவை பிடித்தது' என்று இணையத்தில் பழசை விற்பார்கள், உறை கழற்றிய படம் கேட்டால் பதில் வராது. படம் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மூங்கிலுக்குப் பதில் கார்பன் இழையால் செய்த ஷினாய் மட்டும் விதிவிலக்கு, அதை அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. எண்ணெய் வேண்டாம், சுரண்டக் கூடாது, உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. மேற்பூச்சு உரிந்து உள்ளிருக்கும் கருப்பு இழை தெரிந்துவிட்டால் அன்றோடு சரி. மூங்கில் பிளாச்சு ஒன்றையும் கார்பன் மூன்றையும் சேர்த்துக் கட்டி, மிச்சம் பிடித்ததாகச் சொன்ன ஒரு தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். கார்பன் உடையாது என்று நினைப்பவர்களும் உண்டு. உடையும்.

உங்கள் மகளுடையது மூங்கில்தானே? முறுக்கும்போது வாய் திறக்கவில்லை என்றால் புதிது வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்திலும், கோடையில் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். சுரண்டி முடித்ததும் கைக்காப்பு வளையத்தைக் கழற்றிவிட்டுச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். நடுநிலைப் பள்ளிப் பெண்களுக்கு 400 கிராம் குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் போட்டிக்கு ஆகாது, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.