நிரலாளர்கள் எழுதிய மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் திறமூல மென்பொருளுக்குச் சொந்தக்காரரே கிடையாதா? காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் மட்டும்தான் நமக்குச் சொந்தமா?

நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை நிறுவும்போது 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று பெரும்பாலானவற்றில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். மூலநிரலும் உங்கள் கைக்கு வராது. நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டால், அதை வேறு யாரும் எடுத்து நடத்த முடியாது.

திறமூல மென்பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டு. எழுதியவரிடமே பதிப்புரிமை இருக்கிறது, உரிமத்துக்கு வலுவே அதிலிருந்துதான் வருகிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் (வீட்டில் இணைய இணைப்பைப் பகிரும் பெட்டி) கதை இதற்கு நல்ல சான்று. அதற்குள் லினக்ஸ் என்ற திறமூல இயக்குதளம் ஓடுவதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் தந்தாக வேண்டும். அழுத்தம் கூடவே நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து பிறந்த ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் இயக்குதளம் இன்றும் எத்தனையோ பழைய ரௌட்டர்களை வாழவைக்கிறது. நிரலுக்கு உரிமையாளரே இல்லை என்றால் அந்த நிறுவனத்தைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருந்திருக்கும்?

எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள் இவ்வளவு கேட்பதில்லை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும், மூடிய மென்பொருளுக்குள்ளும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. பிஎஸ்டி உரிமத்தில் இருந்த ரெடிஸ் தரவுத்தளத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் கட்டுப்பாடுகள் கொண்ட உரிமங்களுக்கு மாற்றியது. பலருக்குக் கோபம், எனக்கும்தான். ஆனால் ஏற்கெனவே வெளிவந்த பதிப்புகளின் உரிமத்தைத் திரும்பப் பெற அந்த நிறுவனத்தால் முடியவில்லை. அதே மாதம் 7.2.4 பதிப்பை எடுத்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற பெயரில் நிரலாளர்கள் தனியாகத் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு ரெடிஸ் நிறுவனமே ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. மூடிய மென்பொருளின் பயனருக்கு இப்படிப் பிரிந்துபோகும் வழியே கிடையாது.

ஆகவே ஒரு திட்டத்தை நம்பி வேலையைத் தொடங்கும் முன், உரிமத்தின் பெயரோடு பதிப்புரிமை யாரிடம் குவிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். லினக்ஸின் மையப்பகுதியான கருவில் (கெர்னல்) பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரும் சம்மதிக்காமல் அதன் உரிமத்தை மாற்ற முடியாது. இதைவிட உறுதியான காவல் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பங்களிப்பவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்துக்கு உரிமை எழுதித் தரும் திட்டம் என்றால், நாளை விதிகள் மாறலாம் என்ற எண்ணத்தோடே அதில் இறங்குங்கள்.

இணையத்தில் கண்ணில் படுகிற நிரல் எல்லாம் திறமூலம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமக் கோப்பு இல்லாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. பயன்படுத்த விரும்பினால் அவரிடமே அனுமதி கேளுங்கள். ஓர் உரிமத்தைச் சேர்க்கச் சொன்னால் பலர் மறுக்காமல் சேர்த்துவிடுவார்கள்.